மையால் எழுப்பிய மதில்

மதில்கள் பலவற்றை வரலாறு கண்டதுண்டு. பகைவர் படை புகாதிருக்க மன்னர் எழுப்பிய மதில் உண்டு; பசித்தோர் குரல் செவியில் விழாதிருக்கச் செல்வர் எழுப்பிய மதிலும் உண்டு. ஆனால், கடன் விண்ணப்பம் ஒன்று நிறைவேறுவதற்காக எழுந்த மதிலைப்பற்றிக் கேட்டிருக்கிறீர்களா? அமெரிக்க நாட்டின் டெட்ராய்ட் நகரிலே அப்படி ஒரு மதில் உண்டு. 1941ஆம் ஆண்டிலே கட்டப்பட்டது. ஆறடி உயரம், ஓரடி கனம், நீளம் அரை மைல். இன்றும் நிற்கிறது!

மோட்டார்த் தொழில் செழித்த அந்நகரின் வடபுற எல்லையிலே, கறுப்பின உழைப்பாளர்கள் மனை வாங்கிச் சிறு வீடுகள் கட்டிக்கொண்டு வாழ்ந்தனர். அதனை அடுத்த வெற்று நிலத்தில், வெள்ளையருக்கென்று புது வீடுகள் கட்டி விற்க ஒரு நிலவணிகன் திட்டமிட்டான். வீடு வாங்குவோருக்கு வங்கி தரும் கடனுக்கு உறுதிப்பொறுப்பு ஏற்றுவந்தது கூட்டரசின் வீட்டுவசதி நிர்வாகம். அந்த நிர்வாகம் கை விரித்துவிட்டது. ஏன்? நிலம் சதுப்பா? நீர் கிடைக்காதா? சாலை இல்லையா? அவை எதுவும் காரணமன்று. பக்கத்திலே கறுப்பர் வாழ்கின்றனர். ஆகவே அந்த இடத்துக்குக் கொடுக்கும் கடன் ஆபத்தான கடன்! இதுவே அரசு அலுவலகம் கண்ட பொருளாதாரம். நிலவணிகன் சளைக்கவில்லை. இரு பகுதிகளுக்கும் இடையே மதிலை எழுப்பினான். 'இப்போது சரி' என்றது அரசு. கடனுக்கு உறுதி கிடைத்தது, வீடுகள் எழுந்தன.

கல்லால் எழுந்த மதில் கண்ணுக்குத் தெரிகிறது. கண்டவன் கேட்கிறான், 'இது ஏன்?' என்று. கேள்வி பிறந்தால் கிளர்ச்சி பிறக்கும். கிளர்ச்சி பிறந்தால் கல்லும் சரியும். நம் மதுரை மாவட்டத்து உத்தப்புரத்திலே, 1989இல் எழுப்பப்பட்ட தீண்டாமைச் சுவரின் ஒரு பகுதி, போராட்டத்தின் பயனாக 2008இல் இடிக்கப்பட்டதை அறிவோம். ஊர் வேறு, சேரி வேறு என்று பிரித்த நாட்டிலே பிறந்த நமக்கு, டெட்ராய்ட் மதிலின் பொருளை விளக்கிச் சொல்ல ஆசான் எவரும் தேவையில்லை.

ஆனால், அமெரிக்க நகரங்களை ஊடறுத்து நிற்கும் பெரிய மதில் கல்லால் ஆனதன்று, மையால் ஆனது! நகரசபைகளின் வரைபடத்தில் கிழிக்கப்பட்ட கோடுகளே அந்த மதில். அதை எழுப்பியவர்கள் எவர், எதற்காக எழுப்பினர், இடிக்கப் புறப்பட்டவர் எவர் என்பதைக் கூறுவதே இக்கட்டுரை.

மறைவின்றி வந்த சட்டம்

1910ஆம் ஆண்டு. பால்டிமோர் நகரிலே, ஹாக்கின்ஸ் என்ற கறுப்பின வழக்கறிஞர், வெள்ளையர் வாழும் தெருவிலே ஒரு வீட்டை வாங்கினார். தம் தொழில்தோழரான மெக்மெக்கன் என்ற மற்றொரு கறுப்பின வழக்கறிஞரை அதிலே குடியேற்றினார். படித்தவர், பண்புடையவர், வாடகை தரும் வசதி உள்ளவர் — எல்லாம் இருந்து என்ன? தோல் கறுப்பாயிற்றே! நகரமே கொதித்தெழுந்தது. அவ்வாண்டு டிசம்பரிலே நகரசபை சட்டம் இயற்றிற்று: வெள்ளையர் பெரும்பான்மையாக வாழும் தெருப்பகுதியில் கறுப்பர் குடியேறக் கூடாது, கறுப்பர் பெரும்பான்மையாக வாழும் பகுதியில் வெள்ளையரும் குடியேறக் கூடாது. இரு சாராருக்கும் ஒரே நீதியாம்! மாளிகையில் குடிசைக்காரன் நுழையக் கூடாது, குடிசையில் மாளிகைக்காரன் நுழையக் கூடாது என்று சொல்லிவிட்டு, 'பார்த்தீர்களா, சமநீதி!' என்று முழங்கினால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது அது.

இந்தத் தீ மற்ற நகரங்களுக்கும் பரவிற்று. ரிச்மண்ட், அட்லான்டா, லூயிவில் என்று வரிசையாகச் சட்டங்கள் பிறந்தன. லூயிவில் சட்டம் 1914இல் வந்தது. அதை முறியடிக்க ஒரு வழக்கைத் திட்டமிட்டு உருவாக்கினர். கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்தின் அவ்வூர்க் கிளைத் தலைவர் வாலி, புக்கானன் என்ற வெள்ளையரிடம் மனை வாங்க ஒப்பந்தம் செய்தார். 'சட்டப்படி நான் அங்கே குடியிருக்க முடிந்தால்தான் பணம்' என்பது ஒப்பந்தத்தின் நிபந்தனை. சட்டம் தடுக்கிறது, பணம் வரவில்லை, வெள்ளையர் வழக்குத் தொடுத்தார். 1917 நவம்பரில் நாட்டின் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது: லூயிவில் சட்டம் செல்லாது!

வெற்றிதான். ஆனால், தீர்ப்பின் உயிர்நிலை எது என்று பாருங்கள். நிறத்தால் மனிதரைப் பிரிப்பது இழிவு என்பதைவிட, தன் சொத்தைத் தான் விரும்பியவருக்கு விற்கும் உரிமையை நகரசபை பறிக்கலாகாது என்பதே அங்கு அழுத்தம் பெற்றது. மனிதனுடைய மானம் காப்பாற்றப்பட்டது. ஆனால், மனையினுடைய உரிமையின் நிழலிலே நின்றுகொண்டு!

பின்வாசல் திறந்தது

'கறுப்பர் வரக் கூடாது' என்று எழுத முடியாது போயிற்று. எழுதாமலேயே வராதிருக்கச் செய்ய முடியுமா? முடியும் என்று கண்டுகொண்டனர். மனிதரைப்பற்றி எழுதாதே, வீட்டைப்பற்றி எழுது!

இங்கே ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். நகரை வட்டாரங்களாக வகுத்து, இன்ன இடத்தில் இன்ன கட்டடமே எழலாம் என்று விதிக்கும் முறைக்கு ஆங்கிலத்திலே 'சோனிங்' என்று பெயர். வட்டாரச் சட்டம் என்று நாம் சொல்லலாம். அந்த முறையே தீது என்று எவரும் கூறார். தோல் பதனிடும் சாலையும் தொட்டிலாடும் இல்லமும் அருகருகே இருத்தலாகாது. நியூயார்க்கிலே, 1915இல் எழுந்த ஈக்விடபிள் கட்டடம் பக்கத்துத் தெருக்களின் பகலொளியையே விழுங்கிற்று. அடுத்த ஆண்டே, கட்டடங்கள் வானை மறைக்காதிருக்க அந்நகரம் வட்டாரச் சட்டம் கொண்டுவந்தது. காற்றுக்கும் ஒளிக்கும் காவல் போடும் சட்டம் மக்களுக்கு நன்மை தருவதே.

ஆனால், அதே 1916இல் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரம் வேறொரு வகை வட்டாரத்தை வகுத்தது. அந்த வட்டாரத்தில் தனி வீடு மட்டுமே எழலாம். ஒரு மனைக்கு ஒரு வீடு, ஒரு வீட்டுக்கு ஒரு குடும்பம். இரட்டை வீடு கூடாது. அடுக்கு வீடு கூடாது. அந்நகரத் திட்டத்தில் முன்னின்ற நிலவணிகர் மெக்டஃபி, தம் நிறுவனம் விற்ற மனைகளின் பத்திரங்களிலே வெள்ளையரல்லாதார் குடியிருக்கக் கூடாது என்ற நிபந்தனையை எழுதிவைத்தவர். பத்திரத்தில் வாய்விட்டுச் சொன்னது, வரைபடத்தில் வாய்மூடி அமர்ந்துகொண்டது!

தனி வீடு மட்டும் என்றால் ஏழைக்கு என்ன கேடு? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மனையின் விலை 40 ஆயிரம் வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். நான்கு குடித்தனங்கள் அதிலே வாழலாமெனில் ஒவ்வொரு குடும்பத்தின் பங்கு 10 ஆயிரம். ஒரு குடித்தனம் மட்டுமே எனில் அந்த ஒரு குடும்பமே 40 ஆயிரமும் தர வேண்டும். மனையின் அளவு அரை ஏக்கருக்குக் குறையலாகாது என்று மேலும் ஒரு விதி சேர்த்தால் விலை இன்னும் ஏறும். 'ஏழையே, வராதே' என்று எங்கும் எழுதவில்லை. எழுத வேண்டிய தேவையும் இல்லை. அடிமைத்தளை அறுந்து இரு தலைமுறையே ஆகி, நல்ல கூலியும் நல்ல வேலையும் மறுக்கப்பட்ட கறுப்பின மக்களிலே பெரும்பாலோர் ஏழையர். ஏழைமையைத் தடுத்தால் நிறமும் தானே தடைப்படும்!

ஒட்டுண்ணி எனும் பட்டம்

இம்முறை சட்டத்துக்கு உகந்ததா என்ற கேள்வி, ஓஹையோ மாநிலத்தின் யூக்ளிட் என்ற சிற்றூர் வழக்கிலே எழுந்தது. ஆம்ப்ளர் நிலநிறுவனத்துக்கு அங்கே 68 ஏக்கர் நிலம் இருந்தது. ஊராட்சியின் வட்டாரச் சட்டத்தால் நிலத்தின் மதிப்புக் குன்றிவிட்டது என்று நிறுவனம் வழக்கிட்டது. 1924இல் கீழ் நீதிமன்ற நீதிபதி வெஸ்டன்ஹேவர், அச்சட்டம் செல்லாதென்றார். சட்டத்தின் விளைவு என்ன என்பதை அவர் ஒளிக்காமல் கூறினார்: மக்களை அவர்தம் வருவாய்க்கும் வாழ்க்கை நிலைக்கும் ஏற்பப் பிரித்து வைப்பதே இதன் பயன் என்றார்.

மேல்முறையீட்டில் 1926 நவம்பரிலே உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பைத் தலைகீழாக்கிற்று. நீதிபதி சதர்லண்ட் எழுதிய தீர்ப்பு, தனி வீடுகளுக்கிடையே எழும் அடுக்கு வீட்டை ஒட்டுண்ணி என்று வருணித்தது. அடுக்கு வீடு ஒளியை மறைக்கிறது, காற்றைத் தடுக்கிறது, சந்தடியைக் கொணர்கிறது என்று குற்றச்சாட்டுகள் அடுக்கப்பட்டன. ஒட்டுண்ணியாம்! செங்கல்லா ஒட்டுண்ணி? சுண்ணாம்பா? அந்த வீட்டினுள்ளே வாழ்பவர் எவர்? தையற்காரி, தச்சன், கடைச் சிப்பந்தி, தாதி, பள்ளி ஆசிரியை! நகரத்தைத் தம் தோளிலே தாங்குவோர் வாழும் வீடு, நகரத்தின் குருதியைக் குடிக்கும் உண்ணியாயிற்று!

அந்தத் தீர்ப்புக்குப் பின் வட்டாரச் சட்டம் நாடெங்கும் பரவியது. வட்டாரச் சட்டம் இயற்ற வழிகாட்டும் மாதிரிச் சட்டத்தைக் கூட்டரசின் வணிகத் துறையே அச்சிட்டு வழங்கிற்று. நகரங்கள் அதனை ஏற்றன.

நான்கு நிறங்கள்

வரைபடத்தின் மேல் மற்றொரு வரைபடம் விழுந்தது. பொருளாதார வீழ்ச்சிக் காலத்திலே, 1933இல், கடனில் மூழ்கிய வீட்டுக்காரரைக் காக்க ஒரு கடன் நிறுவனத்தை அமெரிக்க அரசு அமைத்தது. அந்த நிறுவனம் 200க்கும் மேற்பட்ட நகரங்களுக்கு வரைபடம் தீட்டிற்று. நல்ல பகுதிக்குப் பச்சை, அடுத்ததற்கு நீலம், சரியும் பகுதிக்கு மஞ்சள், ஆபத்தான பகுதிக்குச் சிவப்பு. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் பெரும்பாலும் சிவப்பிலே வீழ்ந்தன. 1934இல் தோன்றிய வீட்டுவசதி நிர்வாகமும் இதே நோக்குடன் கடன்களை எடைபோட்டது. டெட்ராய்ட் மதில் எங்கிருந்து பிறந்தது என்று இப்போது விளங்குகிறதல்லவா?

போர் முடிந்தது. நாடு திரும்பிய படைவீரருக்கு வீடு வேண்டும். 1947இல் நியூயார்க்கை அடுத்து லெவிட்டவுன் என்ற புதுநகர் எழத் தொடங்கிற்று. 17,000க்கும் மேற்பட்ட வீடுகள்! அரசின் கடன் உறுதி அதற்கு உண்டு. ஆனால் கறுப்பினத்தாருக்கு அங்கே இடமில்லை. ஒரே போரிலே, ஒரே நாட்டுக்காகக் குண்டுக்கு மார்பு காட்டியவர்கள்; வீடு திரும்பியதும் ஒருவனுக்குத் தோட்டமும் திண்ணையும், மற்றொருவனுக்கு நெரிசலும் புகையும்!

1948இல், பத்திரங்களில் எழுதப்பட்ட நிறத்தடை நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரலாகாது என்று உச்ச நீதிமன்றம் கூறிற்று. 1968 ஏப்ரல் 4ஆம் நாள் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரே வாரத்தில், ஏப்ரல் 11ஆம் நாள், வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் நிறவேற்றுமை காட்டுவதைத் தடுக்கும் சட்டம் கையெழுத்தாயிற்று. ஒரு மாமனிதரின் குருதி தேவைப்பட்டது, அந்த ஒரு கையெழுத்துக்கு!

ஆயினும், 'ஒரு மனைக்கு ஒரு வீடு' என்ற கோடு அழியவில்லை. அது நிறத்தைப்பற்றிப் பேசவில்லையே. எந்தச் சட்டம் அதைத் தொடும்? சிகாகோவை அடுத்த ஆர்லிங்டன் ஹைட்ஸ் என்ற ஊர், குறைந்த வருவாய்க் குடும்பங்களுக்கான வரிசை வீடுகளுக்கு வட்டாரச் சட்டத்தைத் தளர்த்த மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 1977இல் வந்த தீர்ப்பு: விளைவு வேற்றுமையாக இருந்தால் மட்டும் போதாது, வேற்றுமை செய்யும் எண்ணம் இருந்ததென மெய்ப்பிக்க வேண்டும். எண்ணத்தை எவர் ஏட்டிலே எழுதி வைப்பார்?

எத்தல் லாரன்சின் வழக்கு

நியூஜெர்சி மாநிலத்திலே மவுண்ட் லாரல் என்ற ஊர் உண்டு. அடிமைத்தளையறுத்து ஓடிவந்த கறுப்பின மக்களுக்கு ஒரு காலத்தில் புகலிடமாக இருந்த ஊர். எத்தல் லாரன்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணியின் முன்னோர் ஆறு தலைமுறையாக அங்கே வாழ்ந்தவர்கள். நகரத்து வெள்ளையர் குடியேற, நிலவிலை ஏறிற்று. ஊரின் பழைய உழைப்பாளர்களில் சிலர், கோழிக் கொட்டிலை வீடாக மாற்றி வாழ வேண்டிய நிலை. அந்த வீடுகளையும் ஊராட்சி வாழத் தகாதவை என்று மூடச் செய்தது. மாற்று வீடு? தரவில்லை.

ஊர்மக்கள் கூடித் திட்டமிட்டனர். 36 அடுக்கு வீடுகள், அவ்வளவே! அனுமதி கேட்டனர். வட்டாரச் சட்டம் இடந்தராது என்று பதில் வந்தது. 1970இல் கறுப்பின மக்களின் தேவாலயத்துக்கே வந்து, இவ்வூரில் வாழ வசதியில்லாதவர் வெளியேற வேண்டியதுதான் என்று ஊர்த்தலைவர் கூறிச் சென்றார். வழிவழியாக வாழ்ந்தவரைப் பார்த்து, நேற்று வந்தோரின் சார்பிலே கூறப்பட்ட சொல்! அந்த ஊரின் சட்டத்தைப் புரட்டினால் வேடிக்கை ஒன்று தெரியும். புதுக் குடியிருப்புத் திட்டங்களிலே அடுக்கு வீடு அனுமதிக்கப்பட்ட இடங்களிலும், படுக்கையறைகளின் எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு வைத்திருந்தனர். படுக்கையறை கூடினால் குழந்தைகள் கூடும். குழந்தைகள் கூடினால் பள்ளிச் செலவு கூடும். செலவு கூடினால் வரி கூடும்! குழந்தையைக் கணக்கேட்டின் நட்டப் பகுதியிலே எழுதிய நிர்வாகம்!

எத்தல் லாரன்ஸ் அழுது ஓய்ந்துவிடவில்லை. 1971இல் வழக்குத் தொடுக்கப்பட்டது. அவர் முன்னணியில் நின்றார். மிரட்டல்கள் வந்தன, அவர் அசையவில்லை. 1975இல் நியூஜெர்சி உச்ச நீதிமன்றம் புதிய நெறியொன்றை வகுத்தது. வளரும் ஊர் ஒவ்வொன்றும், தன் வட்டாரத்தின் ஏழை எளியோருக்கான வீட்டுத் தேவையிலே தனக்குரிய பங்கை ஏற்க வழிசெய்யும் வகையில் சட்டமிட வேண்டும். கதவைச் சாத்திக்கொள்ள எந்த ஊருக்கும் உரிமையில்லை! ஊர்கள் இழுத்தடித்தன. 1983இல் அதே நீதிமன்றம், தலைமை நீதிபதி வைலன்ட்சின் தீர்ப்பாலே சாட்டையைச் சுழற்றிற்று: ஊர் மறுத்தால், எளிய வருவாயினருக்கு ஒரு பகுதி வீடுகள் ஒதுக்கும் கட்டடக்காரர் வழக்கிட்டு அனுமதி பெறலாம் என்றது.

1994இல் எத்தல் லாரன்ஸ் மறைந்தார். அவர் கேட்ட வீடுகள் அன்றுவரை எழவில்லை. 2000ஆம் ஆண்டிலேதான் முதற் குடும்பங்கள் குடியேறின. மொத்தம் 140 வீடுகள். அவர் பெயரையே தாங்கி நிற்கின்றன. முப்பதாண்டுகள்! கோழிக் கொட்டிலில் தவழ்ந்த குழந்தை, பிள்ளை பெற்று வளர்க்கும் காலம் அது.

எதிர்த்தவர்கள் முழக்கியது என்ன? குற்றம் பெருகும், சொத்தின் மதிப்புச் சரியும், வரி ஏறும் என்பது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துச் சமூகவியல் அறிஞர் மாஸியும் அவர் துணைவர்களும் இதனை ஆராய்ந்து, 2013இல் நூலாக வெளியிட்டனர். அக்கம்பக்கத்தில் குற்றம் பெருகவில்லை; சொத்தின் மதிப்புச் சரியவில்லை; வரியும் அதனால் ஏறவில்லை. ஆனால், அங்கே குடியேறியோரின் வாழ்வு உயர்ந்தது. முப்பதாண்டு அச்சம் முழுவதும் ஆதாரமற்ற அச்சம்! பேயைக் கண்டேன் என்பவனிடம் விளக்கைக் கொடுத்துப் பார்க்கச் சொல்வதே பகுத்தறிவு. மாஸி ஏந்திச் சென்றது அந்த விளக்குதான்.

கோட்டை அழித்த நகரம்

மின்னியாபொலிஸ் நகரிலே, வீடுகளுக்குரிய நிலத்திலே ஏறத்தாழ 70 விழுக்காடு தனி வீட்டுக்கே ஒதுக்கப்பட்டிருந்தது. 2016 முதல் அங்குள்ள பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பழைய பத்திரங்களைத் தேடிப் புரட்டி, நிறத்தடை எழுதப்பட்ட மனைகளை ஒவ்வொன்றாக வரைபடத்திலே குறித்தனர். ஆயிரக்கணக்கான மனைகள்! பாட்டன் கிழித்த கோட்டைப் பேரன் கண்ணெதிரே கண்டான். 2018 டிசம்பரில் நகரசபை, 12 பேர் ஆதரிக்க ஒருவர் எதிர்க்க, புதிய திட்டத்தை ஏற்றது: தனி வீடு மட்டும் என்றிருந்த எந்த மனையிலும் மூன்று குடித்தனங்கள் வரை வாழக் கட்டலாம். 2020இல் அது நடைமுறைக்கு வந்தது. ஆரகன் மாநிலம் 2019இலும், கலிபோர்னியா 2021இலும் இதே திசையில் சட்டமியற்றின. தனி வீட்டு வட்டாரம் பிறந்த பெர்க்லியின் நகரசபையே, 2021இல், அம்முறைக்கு முடிவுகட்டத் தீர்மானித்தது.

பயன் உண்டா? 2017 முதல் 2022 வரை மின்னியாபொலிசிலே வீடுகளின் எண்ணிக்கை 12 விழுக்காடு கூடிற்று. வாடகை 1 விழுக்காடே ஏறிற்று. அதே காலத்தில் மாநிலத்தின் ஏனைய பகுதியில் வாடகை 14 விழுக்காடு ஏறியது. உண்மையை மறைக்காமல் சொல்வதானால், இப்பெருக்கத்திலே மூன்று குடித்தன வீடுகளின் பங்கு சிறிது. பேருந்தும் இரயிலும் ஓடும் பெருஞ்சாலைகளை ஒட்டி எழுந்த அடுக்கு வீடுகளின் பங்கே பெரிது. சுற்றுச்சூழலைக் காரணங்காட்டித் தொடுக்கப்பட்ட வழக்கு அத்திட்டத்தைச் சில காலம் தடுத்தும் வைத்தது. 2024இல் மாநிலச் சட்டமன்றம் குறுக்கிட்டு வழிவிட்டது.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். கோட்டை அழித்தாலே ஏழைக்கு வீடு வந்துவிடாது. அனுமதி கதவைத் திறக்கும், செங்கல்லை அடுக்காது. எத்தல் லாரன்சின் பெயர் தாங்கிய வீடுகளும் பொதுப்பணத்தின் துணையோடுதான் எழுந்தன. சந்தை, வாங்க வல்லவனுக்கே வீடு கட்டும்; வாங்க வல்லமையற்றவனுக்கு அரசு தோள் கொடுத்தாக வேண்டும். இரண்டும் இணைந்தால்தான் நகரம் எல்லோர்க்கும் உரியதாகும்.

இவ்வரலாறு நமக்குத் தரும் பாடம் எது? கொடுமை எப்போதும் கொடுவாளுடன் வருவதில்லை. அளவுகோலுடன் வருகிறது, வரைகோலுடன் வருகிறது. 'மனைக்கு இத்தனை அடி, வீட்டுக்கு இத்தனை குடும்பம்' என்று எவர்மீதும் பகையற்றதுபோல் பேசுகிறது. ஆகவே, சட்டம் என்ன சொல்கிறது என்பதோடு நில்லாமல், எவரை வெளியே நிறுத்துகிறது என்பதையும் கேளுங்கள். நம் நகரங்களின் திட்டங்களும் வரைபடங்களாகவே வருகின்றன. அவை பொறியாளர் மட்டுமே படிக்க வேண்டிய ஏடுகள் என்று ஒதுக்காதீர்கள். விரித்துப் பாருங்கள். துப்புரவுத் தொழிலாளியின் வீடு எங்கே? தாதியின் வீடு எங்கே? அவர்கள் உழைக்கும் தெருவுக்கும் உறங்கும் தெருவுக்கும் எத்தனை கல் தொலைவு? விரலை வைத்து அளந்து பாருங்கள்.

டெட்ராய்ட் மதிலின் இருபுறத்திலும் இன்று கறுப்பின மக்களே வாழ்கின்றனர். மதிலின் ஒரு பகுதியிலே வண்ண ஓவியங்கள் தீட்டியிருக்கின்றனர். பிரிக்க எழுந்த சுவர், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் பலகையாயிற்று. கல் மதிலை மக்கள் வென்றுவிட்டனர்.

மை மதில் இன்னும் பல ஊர்களிலே நிற்கிறது. எழுதியவன் மனிதன், அழிக்க வேண்டியவனும் மனிதனே!